நான்கடிக்கு இரண்டடி: சிக்லிட் மீன்களுக்காகக் கிருஷ்ணகிரியில் சொல்லிச் செய்த தொட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள ஒரு சிறிய கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்து வாங்கிய மீன் தொட்டி எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து ஒன்றேகால் ஆண்டு ஆகிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 எம்.எம். கண்ணாடி. அதில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் பதினான்கு வளர்கின்றன. கண்ணாடியின் தரம், ஒட்டுவேலை, விலை ஆகியவற்றைப் பற்றியும் சொல்லவேண்டியவை இருக்கின்றன. ஆயினும் முதலில் பேச வேண்டியது இந்த அளவைப் பற்றித்தான். நான்கடித் தொட்டி வேண்டும் என்று நான் விசாரித்த கடைகளில் எல்லாம் ஒன்றரையடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ளதையே காட்டினார்கள். அந்த உயரத்தைக் குறைத்து அகலத்தில் சேர்த்துத் தரும்படி நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்வதற்குள் நான்கு மீன்களை இழந்திருந்தேன்.

எனது முதல் தொட்டி இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்டது. ஓர் அலங்கார மீன் கடையில் ஆயத்தமாக வைத்திருந்ததைப் பார்த்தவுடன் பிடித்துப்போய் வாங்கினேன். தூண் போல நிமிர்ந்து நின்ற அந்தத் தொட்டி கூடத்தின் மூலையில் இடத்தை அடைக்காமல் அழகாகப் பொருந்தியது. ஏறத்தாழ 140 லிட்டர் கொள்ளும், ஏழு சிக்லிட் மீன்களுக்குத் தாராளமாகப் போதும் என்றார் கடைக்காரர். லிட்டர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று மஞ்சள் நிற எலக்ட்ரிக் எல்லோ மீன்களும் நான்கு புளூ ஜீப்ரா மீன்களும் வாங்கி விட்டேன். ஐந்தாவது மாதத்தில் ஜீப்ராக்களில் பெரிய ஆண், தரையில் வைத்திருந்த ஒரே கற்குவியலைத் தனதாக்கிக்கொண்டது. அந்தத் தொட்டியின் தரை மொத்தம் இரண்டு சதுர அடிதான் என்பதால், கற்குவியலைப் பிடித்த மீன் தரை முழுவதையும் பிடித்துவிட்டது.

மற்ற ஆறும் மேலே ஏறின. ஒருநாள் காலையில் விளக்கைப் போட்டபோது, ஃபில்டர் குழாய்க்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் இருந்த இரண்டு விரல் இடைவெளியில் மூன்று மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தலை மேல்நோக்கி, நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தன. வால் துடுப்புகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. ஒன்றின் விலாப்பக்கத்தில் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. கீழே ஒன்றேமுக்கால் அடி ஆழத்துக்கு வெறும் தண்ணீர் இருந்தும் அவை அதில் நீந்தவில்லை. இந்த வகைச் சிக்லிட் மீனுக்கு நடுத்தண்ணீர் என்பது வழிதானே தவிர வீடு ஆகாது. அடுத்த இரண்டு மாதங்களில் நான்கு மீன்கள் இறந்தன. தண்ணீரைச் சோதித்தேன், தீனியை மாற்றினேன், மருந்தும் விட்டேன். பிழை தொட்டியின் வடிவத்தில் இருந்தது.

இதை எனக்கு விளக்கியது கே.ஆர்.பி. அணை, அதாவது எங்கள் கிருஷ்ணகிரி அணை, என்றுதான் சொல்ல வேண்டும். அணைக்கட்டுச் சாலையோரம் மிளகாய்ப்பொடி தடவி வறுத்துத் தருகிறார்களே, அந்த ஜிலேபி மீனும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான், நம் நாட்டுக்கு 1952இல் கொண்டுவரப்பட்டது. கோடையில் நீர் பின்வாங்கும்போது அணையின் ஓரச் சேற்றைக் கவனித்துப் பார்த்தால் வட்டவட்டமான குழிகள் வரிசையாகத் தெரியும். சோற்றுத் தட்டு அளவிலும் இருக்கும், முறம் அளவிலும் இருக்கும். ஒவ்வொரு குழியும் ஓர் ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய இடம்; பெண் அங்கு வந்து முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும், ஆண் அந்தக் குழியைக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பிலும் அந்த மீன்கள் பங்கு போட்டுக்கொள்வது தரையைத்தான். மலாவி ஏரியின் பாறைப் பகுதிகளில் வாழும் சிக்லிட்களை அவ்வூர் மக்கள் 'ம்பூனா', அதாவது பாறை மீன், என்று அழைப்பதற்கும் இதுவே அடிப்படை. பாறையும் அதன் இடுக்கும் அதைச் சுற்றிய மணலும் சேர்ந்ததே அவற்றுக்கு வீடு.

ஆகவே தொட்டி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கணக்கு எத்தனை சதுர அடித் தரை என்பதே; எத்தனை லிட்டர் என்பது அடுத்த கேள்வி. கடைகளில் காட்டும் 4 அடி, ஒன்றரை அடி, 2 அடி உயரத் தொட்டியும், நான் செய்யச் சொன்ன 4 அடி, 2 அடி, ஒன்றரை அடி உயரத் தொட்டியும் 12 கன அடிதான். இரண்டும் 340 லிட்டர் கொள்ளும். ஆனால் முதலாவதின் தரை 6 சதுர அடி, இரண்டாவதின் தரை 8 சதுர அடி. என் பழைய தூண் தொட்டியோடு ஒப்பிட்டால் தண்ணீர் இரண்டரை மடங்கைக்கூட எட்டவில்லை, தரையோ நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. காற்றிலிருந்து பிராணவாயு கரைவதும் மேற்பரப்பின் வழியாகத்தான் என்பதால், அந்தக் கணக்கிலும் இதே நான்கு மடங்கு ஆதாயம் கிடைக்கிறது. மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றுவிட்ட இரவுகளில் இதன் மதிப்பு தெரியும்.

நான் பழையபேட்டைக் கடைக்குப் போனபோது எனக்கிருந்த தயக்கம், சன்னல் கண்ணாடியும் படச்சட்டமும் செய்கிறவருக்கு மீன் தொட்டி வருமா என்பதே. அந்த மாஸ்டர் முதலில் கேட்ட கேள்வியிலேயே தயக்கம் போய்விட்டது. "எந்த மீனுங்க, எவ்வளவு பெருசாகும்?" என்று கேட்டார். ஒவ்வொன்றும் நான்கு அங்குலம், பதினைந்துக்கு மேல் வளர்க்கும் எண்ணமில்லை, தரையைத் தோண்டும் மீன், கல் நிறைய வைப்பேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப உயரம் எதுக்குங்க, அகலமாப் போட்டுக்கலாம்" என்று அவராகவே சொன்னார். கண்ணாடியின் கனத்தைத் தீர்மானிப்பதில் உயரமே முதன்மையானது என்பதையும் அவர்தான் விளக்கினார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்துக் கூடுமே தவிர, நீளத்தையோ அகலத்தையோ பொறுத்துக் கூடாது. ஆகையால் ஒன்றரை அடி உயரத்துக்கு 10 எம்.எம். கண்ணாடி நம்பிக்கையாக நிற்கும், உயரம் ஏற ஏறக் கனமும் விலையும் ஏறிக்கொண்டே போகும். அகலமான தொட்டிதான் விலை அதிகம் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிய செய்தி. தொட்டிக்கும் மூடிக்கும் சேர்த்து 8,500 ரூபாய் கொடுத்தேன்.

ஒட்டும் நாளில் அருகில் இருந்து பார்த்தேன். ஐந்து கண்ணாடிகளின் விளிம்பையும் துணியால் துடைத்து, சிலிக்கான் பேஸ்ட் வைத்து நிறுத்தியபின், மூலைமட்டத்தை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார். அதோடு விடாமல் மேல் விளிம்பில் மூலைவிட்டத்துக்கு டேப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தார். ஒன்று ஐம்பத்து மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலும் மற்றொன்று அதைவிட ஒரு நூல் கூடுதலாகவும் இருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி அளந்து, இரண்டும் ஒன்றான பிறகே ஒட்டுநாடாவைச் சுற்றினார். பேஸ்ட் காயும்போது வரும் புளித்த காடி நெடி முற்றிலும் போகும்வரை நான்கு நாள்கள் தொடாமல் வைத்து, பிறகு கடையிலேயே தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் நிறுத்தினார். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னது பதினாறு நாள் ஆனது. முன்பக்கத்து இடது மூலையில் பேஸ்ட் வழிந்து ஓர் அங்குல அகலத்துக்குப் படிந்துவிட்டது. அதன்மேல் பாசி ஏறினால் சுரண்டவும் முடியவில்லை, சுரண்டினால் ஒட்டு பெயருமோ என்ற அச்சமும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, மேல் விளிம்பைத் தேய்த்துத் தரவில்லை. முதல் வாரமே மகளின் விரலைக் கிழித்தது. திரும்பச் சொன்னபோது முகம் சுளிக்காமல் வீட்டுக்கே வந்து சாணைக்கல்லால் தேய்த்துக் கொடுத்தார் என்றாலும், இதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். மூடியை ஒரே கண்ணாடியாகச் செய்ததும் தவறு. நான்கடிக் கண்ணாடியைத் தினமும் தூக்கித் தீனி போட முடியாது. அதை இரண்டாக வெட்டி வாங்கிய பிறகே சௌகரியப்பட்டது.

தொட்டி காகிதத்தில் 340 லிட்டர் என்றாலும், மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் 250 லிட்டரைத் தாண்டாது. மருந்து விடுவதற்கும் தண்ணீர் மாற்றுவதற்கும் இந்த உண்மையான அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். காகித அளவுக்கு மருந்து விட்டால் கூடுதலாகிவிடும். வாரம் ஒருமுறை நான்கு குடம் தண்ணீரை எடுத்துவிட்டு நான்கு குடம் ஊற்றுகிறேன். எடையைப் பொறுத்தவரை, தண்ணீர் 250 கிலோ, கண்ணாடி 60 கிலோ, கல்லும் மணலும் 85 கிலோ என்று வைத்தால் ஏறத்தாழ நானூறு கிலோ வருகிறது. இதை மேசைமீது வைக்கக் கூடாது. கிரானைட் தொழில் நடக்கும் ஊரில் இருப்பதால், பாலிஷ் செய்து ஓரம் உடைந்து ஒதுக்கிய பலகை ஒன்று மலிவாகக் கிடைத்தது. சிமெண்ட் கல் மூன்று வரிசை கட்டி, அதன்மேல் பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, நடுவில் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை ஏற்றினோம். நான்கு பேர் தேவைப்பட்டது. இரண்டடி அகலம் வாசற்படியில் தடையின்றி நுழைந்தது. மாடிப்படித் திருப்பம் உள்ள வீடுகளில் முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

தொட்டிக்குள் வைத்த கற்களும் அந்தப் பலகை கிடைத்த கிரானைட் பட்டறையின் கழிவுக் கற்களே. கிரானைட் தண்ணீரின் தன்மையை மாற்றாது. அவற்றை மணலின்மேல் அடுக்கக் கூடாது. வெறும் கண்ணாடித் தரையில் மெல்லிய தெர்மாகோல் வைத்து, அதன்மேல் கல்லை அசையாமல் அடுக்கிவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். சிக்லிட் மீன் கல்லின் அடியைத் தோண்டும்; மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சாய்ந்து கண்ணாடியில் விழும்.

அகலம் என்ன செய்கிறது என்பது கற்களை அடுக்கும்போதுதான் முழுமையாகப் புரிந்தது. ஓரடி அகலத் தொட்டியில் கற்குவியல் வைத்தால் அது முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் சுவர் போல அடைத்துக்கொள்ளும். துரத்தப்படும் மீனுக்கு நேராக ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டடி அகலத்தில் குவியலுக்கு முன்னாலும் பின்னாலும் பாதை இருக்கிறது, ஒரு குவியலை இன்னொரு குவியலுக்குப் பின்னால் மறைத்து வைக்கவும் முடிகிறது. துரத்தும் மீனின் கண்ணிலிருந்து மறைந்தவுடன் துரத்தல் நின்றுவிடுகிறது.

பழைய தொட்டியில் பிழைத்த மூன்று மீன்களையும், அந்தப் பெரிய ஜீப்ரா உட்பட, இதற்கு மாற்றினேன். மேலும் பதினொன்றை ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்கிச் சேர்த்தேன். அந்தப் பெரிய ஜீப்ரா மறுபடியும் எல்லாவற்றையும் விரட்டும் என்று எண்ணி, ஒரு வாரம் வேலை முடிந்து வந்ததும் தொட்டிமுன் உட்கார்ந்து பார்த்தேன். அது இடப்பக்கக் குவியலைப் பிடித்தது; அதைச் சுற்றி ஒன்றரை அடியோடு நின்றுகொண்டது. வலப்பக்கத்தில் புதிதாக வந்த ஓர் ஆண் தன் குவியலை அமைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் தட்டைக் கல்தான் எல்லை. இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு அந்தக் கல்வரை பாய்ந்து வருகின்றன, உடம்பைச் சிலிர்த்து ஒரு கணம் எதிரெதிரே நிற்கின்றன, திரும்பிப் போய்விடுகின்றன. வாயால் அள்ளிய மணலை இரண்டும் அந்த எல்லையில் கொண்டுவந்து துப்புவதால், அங்கே ஓர் அங்குல உயரத்துக்கு வரப்பு எழும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும்போது அதை நிரவி விடுவேன்; திங்கள்கிழமை காலையில் வரப்பு மீண்டும் இருக்கும். மீன்களின் எண்ணிக்கை கூடியதும் கல் அமைப்பு மாறியதும் இந்த அமைதிக்குத் துணைசெய்திருக்கின்றன. ஆனால் அந்த இரண்டையும் பழைய தொட்டியின் தரையில் செய்திருக்கவே முடியாது. சென்ற மாசியில் ஒரு மஞ்சள் பெண் மீன் வாய் நிறைய முட்டையோடு பின்வரிசைக் கல்லிடுக்கில் ஏறக்குறைய மூன்று வாரம் இரையெடுக்காமல் ஒதுங்கியிருந்து குஞ்சுகளை வெளியே விட்டது.

தண்ணீரைப் பற்றி நம் பகுதிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானதும்கூட. எங்கள் கிணற்று நீரின் பி.எச். அளவு 8.2 காட்டுகிறது. மலாவி, தங்கனிகா ஏரிச் சிக்லிட்களுக்கு வேண்டியது இத்தகைய கடினமான, காரத்தன்மையுள்ள நீரே என்பதால், உப்போ மருந்தோ சேர்க்காமல் அப்படியே ஊற்றுகிறேன். குழாயில் வரும் குளோரின் கலந்த நீரானால் ஒருநாள் திறந்த தொட்டியில் வைத்து, ஏர் பம்ப் விட்ட பிறகே பயன்படுத்துகிறேன். அகலமான மேற்பரப்பின் ஒரே தொல்லை கோடையில் ஆவியாவது. சித்திரையில் வாரம் இரண்டு குடம் குறைந்துவிடுகிறது, குறைந்த இடத்தில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிகிறது. மூடியில் படிந்ததை, மூடியை வெளியே எடுத்து வினிகரில் நனைத்த துணியால் துடைக்கலாம். தொட்டிக்குள் கோடு படியாதிருக்க நீர்மட்டத்தைக் குறையவிடாமல் வைப்பதே வழி.

எல்லாச் சிக்லிட்களுக்கும் இதே அளவு பொருந்தாது. தர்மபுரியில் என் மைத்துனர் மூன்றடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் ஓர் ஆஸ்கர் மீன் வளர்க்கிறார். வாங்கும்போது இரண்டு அங்குலக் குஞ்சு; இப்போது பதினோரு அங்குலம். அது ஒரு முனையிலிருந்து திரும்பும்போது வால் ஒரு கண்ணாடியிலும் மூக்கு எதிர்க்கண்ணாடியிலும் உரச, உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்புகிறது. மூக்கில் தேய்ந்த தழும்பு இருக்கிறது. ஆஸ்கர் ஓரடியைத் தாண்டி வளரக்கூடிய மீன். அகலம் வளர்ந்த மீனின் நீளத்தில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அப்படியானால் ஒற்றை ஆஸ்கருக்கே 4 அடிக்கு 2 அடி தேவை, ஜோடிக்கு 6 அடி. ஃப்ளவர்ஹார்னுக்கும் ஏறத்தாழ இதே அளவு வேண்டும், அதையும் தனியாகவே வைக்க வேண்டும். அந்த ஆஸ்கருக்குப் பெரிய தொட்டி செய்யச் சொல்லி மைத்துனரிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாறாக, தங்கனிகா ஏரியின் சங்குக்குள் வாழும் சின்னஞ்சிறு சிக்லிட்கள் இரண்டு அங்குலத்துக்குள்ளேயே நின்றுவிடும்; அவற்றின் சிறு கூட்டத்துக்கு இரண்டடிக்கு ஓரடித் தரையும் சில நத்தை ஓடுகளும் போதும், உயரம் ஓரடிக்கு மேல் வீண். என் பேச்சுக்கு உண்மையான விதிவிலக்கு ஏஞ்சலும் டிஸ்கஸும். அவை தட்டையாக உயர்ந்த உடல்வாகு கொண்டவை. ஏஞ்சலின் மேல்துடுப்பும் கீழ்த்துடுப்பும் சேர்ந்து நீளத்தை மிஞ்சும். அவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டடி உயரம் கட்டாயம் வேண்டும். டிஸ்கஸ் மென்னீர் மீன் என்பதால் நம் கிணற்று நீரில் அதை முயலுமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வடிவத்தில் செவ்வகத்தைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அறுகோணத் தொட்டி என் பழைய தூண் தொட்டியின் தங்கை. முன்பக்கம் வளைந்த தொட்டி நடுவில் கொஞ்சம் அகலம் தருகிறது என்றாலும், மீனின் உருவத்தைத் திரித்துக் காட்டுகிறது, கீறல் விழுந்தால் உள்ளூரில் மாற்றுக் கண்ணாடி கிடைக்காது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எந்தச் சிக்லிட்டையும் விடக் கூடாது.

செய்யச் சொல்லும்போது வாயால் சொல்லாதீர்கள். "நாலுக்கு ஒன்றரைக்கு ரெண்டு" என்று சொன்னால், எது அகலம், எது உயரம் என்பதை அவரவர் வழக்கப்படி எடுத்துக்கொள்வார்கள். நானே முதல் நாள் போனில் சொன்னதை மாஸ்டர் இரண்டடி உயரமாகத்தான் குறித்து வைத்திருந்தார். மறுநாள் நேரில் போய், ஒரு தாளில் பெட்டி போல வரைந்து, அடிப்பக்கத்தில் 'தரை 4 × 2' என்றும் பக்கவாட்டில் 'உயரம் 1½' என்றும் எழுதிக் கொடுத்தேன். மேல் விளிம்பைத் தேய்த்துத் தரவும், மூடி இரண்டு துண்டு, கண்ணாடி 10 எம்.எம். என்ற மூன்று வரிகளையும் அதே தாளில் சேர்த்திருந்தால் பின்னால் வந்த இரண்டு அலைச்சல்கள் மிச்சமாகியிருக்கும்.